காதால் வைக்கிற குழம்பு

தக்காளிக் குழம்பை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. விருந்தாளி வந்தால் அது கிடையாது. கல்யாணப் பந்தியிலும் அதற்கு இடமில்லை. கூடையில் காய் தீர்ந்துபோன நாளில், பருப்பு வேகவைத்துச் சாம்பார் வைக்க மனம் வராத சாயங்காலத்தில், இட்லிக்கோ சோற்றுக்கோ ஏதாவது வேண்டுமே என்று வைக்கிற குழம்பு. யாரையும் அசத்த வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அதை வைக்கும்போது மட்டும் என் மனசு அடுப்படியை விட்டு வெளியே போவதில்லை. அவ்வப்போது எழுதி வைத்தவை இவை.

*

எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் அம்மா, தக்காளி கேட்டால் உடனே தராசை எடுப்பதில்லை. முதலில் ஒரு கேள்வி.

“குழம்புக்கா, சட்னிக்கா தம்பி?”

குழம்புக்கு என்றால் அவர் கை நாட்டுத் தக்காளிப் பக்கம் போகும். “பெங்களூர் தக்காளி ஒரு வாரம்னாலும் கெடக்கும். ஆனா குழம்புல போட்டா தோலு தோலா நிக்கும். புளிப்பும் காணாது.”

அவர் சொல்வது சரி. பெங்களூர்த் தக்காளிக்குக் கெட்டித் தோல், நிறைந்த சதை, லாரிப் பயணத்தில் நசுங்காத உடம்பு. நாட்டுத் தக்காளி தட்டையாக, ஓரம் வளைந்து வளைந்து, காம்படியில் கொஞ்சம் பச்சை தங்கி இருக்கும். கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்ளே சாறு நகர்வது தெரியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகத்துக்கும் இந்தத் தட்டை உருவமும் பச்சைத் தோளும் உண்டு. நாட்டுத் தக்காளி என்று வாங்கி வருவதில் அதுவும் கலந்துதான் இருக்கும்.

விதையைச் சுற்றியிருக்கும் கொழகொழப்பை வழித்து எறியச் சொல்லும் சமையல் குறிப்புகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பழத்தின் புளிப்பும், சாப்பிட்ட பிறகும் நாக்கில் நிறைந்து நிற்கிற ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டும் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். நறுக்கும்போது பலகையில் ஓடிய சாற்றையும் நான் கத்தியால் வழித்துச் சட்டியிலேயே விடுகிறேன்.

ஃப்ரிட்ஜில் வைப்பதும் இல்லை. பழுத்த தக்காளியைக் குளிரில் போட்டால் அதன் வாசனையை உண்டாக்கும் மரபணுக்கள் வேலையை நிறுத்திவிடுகின்றன என்றும், வெளியே எடுத்து வைத்தாலும் போன வாசனை முழுதாகத் திரும்புவதில்லை என்றும் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் எழுதினார்கள். சமையல்மேடை ஓரத்தில் ஒரு மூங்கில் தட்டு போதும், காம்புப் பக்கம் கீழே. ஒன்றின் மேல் ஒன்று ஏற்றக் கூடாது.

*

நல்லெண்ணெய் இரண்டு குழிக்கரண்டி. காய்ந்துவிட்டதா என்று ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பார்ப்பேன். சும்மா கிடந்தால் பொறுக்க வேண்டும். சுற்றிலும் குமிழ் விட்டால் மற்றதையும் போடலாம். கடுகு வெடிப்பது அதற்குள் இருக்கும் துளி ஈரத்தால். ஆவியான ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. மெதுவாகத் தொடங்கி, படபடவென்று நெருங்கி, பிறகு விட்டு விட்டு, கடைசியில் ஒன்றிரண்டு. அந்தக் கடைசி ஒன்றிரண்டுக்கும் முழு அமைதிக்கும் நடுவில் உளுத்தம் பருப்பும் சோம்பும் வெந்தயமும் உள்ளே போயாக வேண்டும்.

கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டது. தாளிப்பிலும் வதக்கலிலும் காதில் விழுவது அநேகமாகத் தண்ணீர் வெளியேறும் ஓசைதான். வெங்காயத்தின் சொய்ங், கழுவிய ஈரத்தோடு போட்ட கறிவேப்பிலையின் சடசட, கொதியின் தளதள எல்லாம் அதுவே. எண்ணெய்க்கென்று தனி ஓசை கிடையாது. காய்ந்து புகையும்போதும் அது சத்தம் போடுவதில்லை. வெந்தயம் பொன்னிறத்திலிருந்து சிவந்து கருப்பதும் அப்படித்தான், சில நொடிகளில், அரவமே இல்லாமல். கருகுவதற்கு ஓசை இல்லை. மூக்குக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். குழம்பு முழுக்கக் கசக்கும். அதனால் வெந்தயம் சட்டியில் கிடக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் காதை நம்பக் கூடாது, கண்ணை எடுக்கக் கூடாது.

*

சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு பத்துப் பல். வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். முழுசாகப் போடுவதா, இரண்டாக நறுக்குவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு. நான் நறுக்கும் கட்சி.

வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகுதான் தக்காளி. அவசரப்பட்டு முன்னால் போட்டால் வெங்காயம் கடைசி வரை நறுக் நறுக்கென்றே இருக்கும். புளிப்பு சேர்ந்துவிட்டால் காயின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு நேரம் எடுக்கும். “புளி விட்டாக் காய் வேகாது” என்று வீட்டில் சொல்வதும் இதையே. சாம்பாரில் காய் வெந்த பிறகு புளி கரைத்து ஊற்றுவதும், இங்கே வெங்காயம் குழைந்த பிறகு தக்காளி போடுவதும் ஒரே கணக்கு.

*

தக்காளி விழுந்ததும் சட்டி ஒரு நொடி சீறும். பிறகு சட்டென்று அடங்கிவிடும். சூடான எண்ணெயில் அரைக் கிலோ குளிர்ந்த பழம் விழுந்தால் அப்படித்தான். உப்பையும் மஞ்சள் தூளையும் அப்போதே போட்டுவிடுவேன். உப்பு பட்டதும் பழம் நீர் விடும்.

தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அரைக் கிலோவில் 470 கிராம் அதுவே. நாம் தக்காளி என்று நினைப்பது, அதாவது சிவப்பு, புளிப்பு, இனிப்பு, நார் எல்லாம் சேர்ந்து மிச்சமிருக்கும் 30 கிராமுக்குள் அடக்கம். வதக்குகிற வேலை முழுவதும் அந்தத் தண்ணீரை அனுப்பி வைக்கிற வேலை. அது போகிறபோதுதான் போகும். தீயைக் கூட்டினால் அடி பிடிக்குமே தவிர, நடுவில் நீர் அப்படியே நிற்கும்.

குக்கரில் வைத்தால் பத்து நிமிடத்தில் முடியுமே என்பார்கள். முடியும். ஆனால் மூடிய பாத்திரத்திலிருந்து தண்ணீர் எங்கே போகும்? வேகும், குழையும், வற்றாது. குக்கரில் வைத்த தக்காளிக் குழம்பைச் சாப்பிட்டதும் எனக்குத் தெரிந்துவிடும். தக்காளியை அவித்த வாசம் அதில் இருக்கும்.

*

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருந்த வருஷங்கள் உண்டு. ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். சட்டிக்குள் இருப்பது அவருக்கு ஒரு சிவப்பு மங்கல், அவ்வளவுதான். ஆனாலும் அடுப்பை விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கிளறுகிற வேலையை மட்டும் எங்களிடம் கொடுப்பார்.

“தேங்காய் ஊத்தட்டுமா பெரியம்மா?”

“இருடா. இன்னும் தண்ணி பேசிக்கிட்டிருக்கு. அது வாய மூடட்டும்.”

எனக்கு அப்போது அது புரியவில்லை. எல்லாம் ஒரே கொதியாகத்தான் கேட்டது. அவரோ அதில் மூன்று பிரித்திருந்தார். முதலில் நீர்த்த கொதி: வேகமாக, சளசளவென்று, மேலோட்டமாக. பிறகு விழுது கெட்டியாகக் கெட்டியாகக் குமிழ் கனத்துப்போகும். ஒவ்வொன்றாக, தொப்… தொப்… என்று வெடித்துச் சுவரிலெல்லாம் தெறிக்கும். அவசரக்காரர்கள் குழம்பு ஆயிற்று என்று நினைப்பது அந்த இடத்தில்தான். பெரியம்மா அதையும் விட மாட்டார். தீயைக் குறைக்கச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் தொப் தொப் நின்று, சட்டியின் ஓரத்திலிருந்து மெல்லிய ஒரு சிடசிட கிளம்பும். வெங்காயம் வதங்கியபோது கேட்ட அதே சத்தம், அதைவிடச் சன்னமாக.

“இப்ப ஊத்து.”

சமையல் புத்தகங்களில் ‘எண்ணெய் பிரிந்து வரும் வரை’ என்று எழுதுவது இதைத்தான். விழுதில் தண்ணீர் நிறைய இருக்கும் மட்டும் சூடு கிட்டத்தட்ட 100 டிகிரியில் நின்றுவிடும். எவ்வளவு எரித்தாலும் அது வேகுமே ஒழிய வறுபடாது. எண்ணெயும் துளித்துளியாக விழுதுக்குள் ஒளிந்திருக்கும். நீர் குறைந்ததும் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்தில் சிவப்பாகக் கசியும். அந்த இடத்தில் சூடு 100-ஐத் தாண்டும். மசாலா முதல்முறையாக எண்ணெயில் பொரியும். வாசனை மாறுவது அப்போதுதான். மிளகாயின் சிவப்பும் தக்காளியின் சிவப்பும் எண்ணெயில் கரையக்கூடியவை என்பதால் கசிகிற எண்ணெய்க்கு அந்த நிறம்.

ஆபரேஷனுக்குப் பிறகு பெரியம்மாவுக்குக் கண் தெளிந்தது. முதல் வாரமே சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு மிளகாத் தூளா போட்டுக்கிட்டிருந்தீக இத்தன நாளா?” என்று எல்லோரையும் ஒரு வாங்கு வாங்கினார்.

*

தூளைப் பற்றி. குழம்பு மிளகாய்த் தூள் நாங்கள் மில்லில் அரைப்பதுதான். மிளகாய், அதைவிடக் கூடுதலாக மல்லி, விரலி மஞ்சள், துவரம் பருப்பு, கொஞ்சம் மிளகு, சீரகம், வெந்தயம். மொட்டை மாடியில் காய வைத்து, எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போய், நெடியில் தும்மிக்கொண்டே வரிசையில் நிற்க வேண்டும். அரைத்து வரும்போது கை வைக்க முடியாத சூடு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி ஆறவிட்டுத்தான் டப்பாவில் அடைப்பது. சூட்டோடு அடைத்தால் வேர்த்து வண்டு வைக்கும்.

தூளை எண்ணெயில் நேராகப் போடுவதா, தக்காளி குழைந்த பிறகா? எண்ணெயில் போட்டால் நிறம் நன்றாக இறங்கும். ஆனால் காய்ந்த தூளில் ஈரமே இல்லை. முன்னால் சொன்னதுதான், சத்தம் போடாமல் கருகிவிடும். தக்காளியின் ஈரத்தில் போட்டால் அந்த ஈரம் அதைக் காக்கும். பச்சை வாசனை போக நேரமாகும், ஆனால் பயமில்லை. நான் இரண்டாவது வழி. பெரியம்மா முதல் வழி, கண் தெரியாத காலத்திலும்.

*

சட்டியில் இருப்பவற்றின் ஊர்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். தக்காளியின் காட்டு வகை தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்தது. அதைப் பயிராக்கியவர்கள் மெக்சிகோ மக்கள். மிளகாயும் அந்தக் கண்டத்ததுதான். போர்த்துகீசியர் கடல் வழியாக வந்த பிறகே இரண்டும் இங்கே வந்தன. மிளகாய் சீக்கிரமே எல்லாச் சட்டியிலும் ஏறிக்கொண்டது. தக்காளிக்கு இன்னும் வெகுகாலம் பிடித்தது. புளிப்புக்குத்தான் இங்கே புளி இருந்ததே. அந்தப் புளிய மரமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது வந்து எவ்வளவோ காலமாகிவிட்டதால் யாரும் அதை வெளியூர்க்காரனாக நினைப்பதில்லை.

பல வீடுகளில் திவசச் சமையலுக்கு இன்றும் தக்காளி கிடையாது, மிளகாய் கிடையாது. காரத்துக்கு மிளகு. வாழைக்காய், புடலை, பாகல், சேப்பங்கிழங்கு என்று பழைய காய்களே. உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கோஸுக்கும் அன்று விடுமுறை. முன்னோர் அறிந்த சாப்பாட்டை அவர்களுக்குப் படைக்கிறார்கள். அப்படி ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் ராத்திரிக்கு நாக்கு தக்காளியைத் தேடுகிறது. இத்தனைக்கும் அது நம் வீட்டுக்குள் வந்து தலைமுறைக் கணக்கில் ரொம்பக் காலமாகிவிடவில்லை.

*

பாத்திரம். புளிப்புக்கு ஆகாத பாத்திரங்கள் சில உண்டு. இரும்புச் சட்டியில் தக்காளி கறுத்து, இரும்பு வாடை அடிக்கும். ஈயம் பூசாத பித்தளையில் வைக்கவே கூடாது. நான் மண் சட்டி. சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். கொதியின் ஓசையும் அடங்கியே வருவதால் குனிந்து கேட்க வேண்டியிருக்கிறது.

*

2023 ஜூலையை இந்தக் குறிப்பேட்டில் விட்டுவிட முடியாது. மழையாலும் வெயிலாலும் வரத்து குறைந்து, தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போன மாதம். சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அந்த மாதம் வீடுகளில் புளி மறுபடி முன்னால் வந்தது. வண்டிக்கார அம்மா குழம்புக்கா சட்னிக்கா என்று கேட்பதை நிறுத்தி, “எத்தன பழம் போட?” என்று கேட்டார். கிலோக் கணக்கு போய் எண்ணிக்கைக்கு வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான மாதங்களும் வருகின்றன. அப்போது டி.வி.யில் சாலையோரம் கொட்டிக் கிடக்கும் தக்காளியைக் காட்டுவார்கள். ஒட்டன்சத்திரம், உடுமலைப் பக்கம் பழம் 14 கிலோப் பெட்டியாக ஏலம் போகும். பறிக்கிற கூலியும் வண்டி வாடகையும் பெட்டி விலையைத் தாண்டிவிட்டால் செடியிலேயே விட்டுவிடுவார்கள். போன முறை விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நடுவார்கள். நாற்று நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் எல்லார் பழமும் ஒன்றாகச் சந்தைக்கு வரும். வெங்காயமாவது பட்டறை போட்டு வைத்துக் காத்திருக்கும். தக்காளி செங்காயாகப் பறித்தாலும் பெட்டிக்குள் பழுத்துக்கொண்டே போகும். பறித்தவர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் அதற்குப் பொறுக்கத் தெரியாது. நான் அடுப்படியில் நின்று நிதானமாகத் தண்ணீர் வற்றுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது, பறித்த அன்றே விற்றாக வேண்டிய ஒருவரின் அவசரத்துக்குப் பிறகுதான் என்பதை அந்தப் படங்களைப் பார்க்கும்போது மறக்க முடிவதில்லை.

*

தேங்காய். கால் மூடி, அரை ஸ்பூன் சோம்பு, ஒரு பிடி பொட்டுக்கடலை. மை போல அரைத்தால்தான் குழம்பு வழுவழுவென்று வரும். பொட்டுக்கடலை கெட்டிக்கு. மிக்ஸியைக் கழுவிய தண்ணீரையும் ஊற்றுவதால் இவ்வளவு நேரம் விரட்டிய நீரில் பாதி திரும்ப உள்ளே வந்துவிடுகிறது. பிறகு ஏன் விரட்டினோம் என்று கேட்கலாம். வந்த நீர் வேறு. அது குழம்பை நீட்டுகிற நீர். மசாலா ஏற்கெனவே பொரிந்தாயிற்று. அதைச் செய்யாமல் தேங்காயை ஊற்றிய குழம்பில் தூள் ஒரு பக்கம், தக்காளி ஒரு பக்கம் என்று தனித்தனியாகத் தெரியும்.

தேங்காய் விட்ட பிறகு கொதிக்க விட்டுக்கொண்டே இருந்தால் திரிந்து, திரிதிரியாக நிற்கும். ஓரத்தில் லேசாக அசைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். மேலே கொத்தமல்லித் தழை. கறிவேப்பிலை இருந்தால் இன்னும் நாலு இலை, கிள்ளிப் போட்டால் வாசம் கூடும்.

*

தேங்காய்க் குழம்பு வெயில் காலத்தில் மறுநாள் வரை தாங்காது. ஊருக்குக் கொடுத்தனுப்புவதென்றால் தொக்கு. அக்கா மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், அவனுக்காகப் போடுவது. ஒரு கிலோ நாட்டுத் தக்காளி, எண்ணெய் தாராளமாக, தேங்காய் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை. குழம்புக்கு நிறுத்துகிற இடத்தில் இதற்கு நிறுத்தக் கூடாது. சிடசிடப்பும் அடங்கி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி தெரிந்து, எண்ணெய் மட்டும் குளமாக நிற்கும் வரை போக வேண்டும். நீர் போய்விட்டது, புளிப்பும் உப்பும் இருக்கின்றன, மேலே எண்ணெய் மூடியிருக்கிறது. சீக்கிரம் கெடாமல் இருப்பது அதனால். கடைசிப் பத்து நிமிடம்தான் கஷ்டம். ஓசை இல்லாத நேரம் என்பதால் கரண்டியைக் கீழே வைக்க முடியாது.

ஒரு கிலோ பழம் ஒரு சின்ன ஹார்லிக்ஸ் பாட்டிலில் முக்கால்வாசிக்கு வரும். இரண்டு வாரத்துக்கு வரட்டும் என்று கொடுத்தனுப்பினோம். மறுநாள் ராத்திரியே போன் செய்தான்.

“மாமா, பாட்டில் காலி. ரூம்ல நாலு பேரு. பிரட்டுலயே தடவித் தின்னுட்டாங்க.”

“காரம் சரியா இருந்ததாடா?”

“காரம்லாம் சரிதான் மாமா. அடுத்த தடவ ரெண்டு கிலோவாப் போடுங்க.”

இரண்டு கிலோவுக்கு எங்கள் சட்டி பத்தாது. பெரியம்மா வீட்டுப் பெரிய சட்டியைக் கேட்டிருக்கிறேன்.